புறவாசலில் ஓடிய எஞ்சின்

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் பரிசோதனை உண்டு என்று சொல்லி ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். அறை என்று சொல்ல முடியாது, பீரோவைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தது போல இருந்தது. உள்சுவர் முழுக்க மெத்தை. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள். கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. பிறகு மெல்லிசாக ஏதோ வந்தது. அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டுக்குச் சத்தத்தை அனுப்பி, நான் சும்மா இருந்தால் அவளுக்கு வருத்தமாக இருக்குமே என்று நினைத்து அமுக்கினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் அமுக்கினேன். அவள் எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

“அண்ணே, நான் இப்ப ஒண்ணும் போடல்ல.”

“செரி மக்ளே” என்றேன்.

என் சுபாவம் எப்போதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “புரிஞ்சுதாலே” என்று கேட்டால் முதலில் தலையாட்டுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு அந்தத் தலையாட்டலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பரிசோதனை முடிந்ததும் அந்தப் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டாள். “சத்தமுள்ள இடத்துல வேல பாத்தியளா? மில்லு, பட்டறை, அப்படி எதாவது?”

“இல்ல. எனக்கு வல பொத்துகதுதான் வேல.”

கிழிந்த மீன்வலையைத் தைப்பதைத்தான் நாங்கள் வலை பொத்துவது என்போம். உலகத்தில் அதைவிடச் சத்தமில்லாத வேலை இருக்காது. அவள் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, “அப்ப சத்தம் எங்கண்ணே இருந்துது?” என்றாள்.

“வீட்டுல” என்றேன்.

பெண்டாட்டியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, சிரித்துவிட்டாள். நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பி வடசேரியில் பஸ்ஸுக்கு நின்றபோது முன்னால் ஒரு பழைய ஆட்டோ நீலமாகப் புகை விட்டுக்கொண்டு நின்றது. எண்ணெய் கலந்து எரிகிற அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் தோள் இரண்டும் தானாக மேலே தூக்கிக்கொண்டன. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் தோளுக்கு அது ஞாபகம் இருக்கிறது. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

என் அண்ணன் சூசை மீன்பிடி வள்ளத்து எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவன். வள்ளத்தின் பின்பக்கத்தில் மாட்டுகிற எஞ்சின் தெரியுமல்லவா, பெட்ரோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். தண்ணீருக்குள் நிற்காமல் அதை ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் பழுது பார்த்த எஞ்சினை ஒரு பெரிய இரும்பு டிரம்மில் தண்ணீர் நிறைத்து, அதன் விளிம்பில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் சும்மா கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் அப்படிச் செய்ய மாட்டான். உள்ளே புது சாமான் போட்டால் அது பதம் வரும் வரைக்கும் மெதுவாக, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடவிடுவான். மறுநாளும் ஓடவிடுவான். “கடல்ல போயி நின்னா அங்க யாருலே இழுத்துட்டு வருவா?” என்பான். அவன் கை வைத்த எஞ்சின் கடலில் நிற்காது என்று ஊரில் பேச்சு. தூரத்துத் துறைகளில் இருந்தெல்லாம் எஞ்சினைச் சாக்கில் கட்டி வேனில் கொண்டு வருவார்கள்.

அந்த டிரம் இருந்தது எங்கள் வீட்டுப் புறவாசலில். அடுக்களைக் கதவைத் திறந்தால் ஒரு கல்படி, படிக்கு நேரே டிரம். கடற்கரையில் வைத்தால் மணல் ஏறும், சாமான் களவு போகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அண்ணனின் காது. சோறு தின்றுகொண்டிருக்கும்போதே எஞ்சினின் தாளம் எங்கேயாவது இடறினால் எச்சில் கையோடு எழுந்து போய் அணைப்பான். எங்களுக்கெல்லாம் ஒரே இரைச்சல்தான், இடறியதெல்லாம் தெரியாது.

இரைச்சலை எப்படிச் சொல்ல? ஒரு வெடிச் சத்தம் என்றால் திடுக்கிட்டுவிட்டு மறந்துவிடலாம். இது நிற்காது. கும்பாவில் இருக்கிற கஞ்சித் தண்ணீர் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ரயில் போய்விட்டது என்று ஒரு நிம்மதியாவது உண்டு. சாயங்காலம் எஞ்சின் நிற்கிற அந்த நிமிஷத்தில்தான் அவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியும். நாங்கள் வளர்த்த நாய் காலையில் அண்ணன் கயிற்றை இழுத்து எஞ்சினுக்கு உயிர் கொடுத்ததும் எழுந்து மூன்று வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். நின்ற பிறகுதான் வரும். அதைப் பார்த்தாவது எங்களுக்கு விளங்கியிருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சத்தத்தால் ஒரு வசதியும் இருந்தது. கூச்சப்படுகிறவனுக்கு இரைச்சல் நல்ல மறைவு. யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் பதில் சொல்ல வேண்டாம். முன்பக்கத்தில் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்து வைத்துப் பொத்திக்கொண்டிருப்பேன். சொந்தக்காரர்கள் வந்தால் “அவனுக்கு வேல கெடக்கு” என்று அம்மா கையால் காட்டிவிடுவாள்.

வெளியாள் வருகிறபோது எஞ்சினை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு மரியாதை. அதில்தான் சிக்கல் வந்தது. அண்ணனுக்குப் பெண் கொடுக்க மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். அவர்களும் கடற்கரைக் குடும்பம்தான். ஆனால் பெண்ணின் அப்பா வளைகுடாவில் பல வருடம் இருந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவில் வீடு கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். அவர்கள் வந்த அன்றைக்கு எஞ்சின் ஓடவில்லை. கல்யாண வாரத்திலும் ஓடவில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது. “நல்ல காத்து, நல்ல எடம்” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். மைனியின் பெயர் செலின். மெதுவாகப் பேசுகிற பெண். கல்யாணம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலையில் அண்ணன் கயிற்றை இழுத்தான். மைனி அடுக்களையில் இருந்து வெளியே வந்து, என்ன நடந்துவிட்டது என்று பார்ப்பது போலப் பார்த்தாள். எப்போது நிற்கும் என்று என்னிடம் கையால் கேட்டாள். நான் வானத்தைக் காட்டினேன், பொழுது சாய்ந்த பிறகு என்று. நான் கடவுளைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டாளாம், பின்னால் ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள்.

முதல் சில மாதங்கள் பொறுத்துக்கொண்டாள். பிறகு அடுக்களையில் சண்டை தொடங்கியது. அம்மாவுக்கும் மைனிக்கும் சண்டை வருவதற்கு ஒரு முறை இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்து “உப்பு போட்டியா?” என்று கேட்பாள். மைனிக்குக் கேட்காது. “ஏட்டி, உப்பு போட்டியா?” அதுவும் கேட்காது. மூன்றாவது தடவை அம்மா அடிவயிற்றிலிருந்து கத்துவாள். மைனிக்குக் காதில் விழுவது அந்த மூன்றாவதுதான்.

“போட்டாச்சு. இதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துகியோ?”

“நானாட்டி கத்துகேன்? நாலு வீடு கேக்க நீதான் கத்துக.”

“நீங்க கத்தினீங்க, நான் கத்துகேன்.”

உப்பில் தொடங்கியது மைனியின் அப்பா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பாத்திரம் வரைக்கும் போய் நிற்கும். இரண்டு பேருக்கும் அதற்குள் முகம் சிவந்துவிடும். மைனிக்கு மத்தியானமானால் தலைவலி. உறக்கம் இல்லை. தட்டைக் கீழே வைத்தாலே ணங்கென்று வைப்பாள். அம்மா அவளோடு சண்டை இல்லாத நேரத்தில் குழாயடியில் போய்ச் சண்டை பிடிப்பாள். அண்ணன் யாரோடும் சண்டை போட மாட்டான், ஆனால் தூங்கும்போது பல்லைக் கடிப்பான். இதையெல்லாம் எஞ்சினோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. கிடைத்த சோறே அந்த எஞ்சினால் கிடைத்தது.

அம்மா யோசித்தது வேறு. “இவளுக்குள்ள ஏதோ ஏறியிருக்கு. ரப்பர் விளையில சுத்தின பிள்ள” என்றாள். கிழக்கே கடற்கரையோரம் ஒரு அந்தோணியார் கோவில் இருக்கிறது. கெட்டது ஏறியவர்களை அங்கே கொண்டுபோய்ச் சில நாள் தங்க வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா ஒரு பாயும் சோற்றுப் பானையும் எடுத்துக்கொண்டு மைனியைக் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன். கோவிலைச் சுற்றி மணல், ஒரு பக்கம் பனை. காலையும் மாலையும் ஜெபம். மற்ற நேரம் காற்றுதான்.

போய்ச் சேர்ந்த மறுநாள் மைனி மத்தியானம் தூங்கினாள். விழித்ததும் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டாள். அம்மா அவளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தாள். நான் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பியதும் அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். “புதுமையின்னா புதுமை. அவ கொணமாயிட்டா. எனக்கே ஒடம்பு சொகமா கெடக்கு, கேட்டியளா.” கோவிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்து கொண்டாள்.

அந்த அற்புதம் ஒரு ராத்திரிதான் நின்றது. அதற்கடுத்த நாள் அண்ணன் கயிற்றை இழுத்தான். அப்போதே பழைய கதை. அம்மா இப்போது வேறு முடிவுக்கு வந்தாள். கெட்டது மருமகளுக்குள் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. பங்குச் சாமியாரை அழைத்து வீட்டை மந்திரித்தோம். சாமியார் வருகிறார் என்று எஞ்சின் அணைந்தது. அவர் ஜெபித்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன அன்றைக்கு வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. மறுநாள் இல்லை. அம்மா மறுபடியும் போய் அவரைக் கூட்டி வந்தாள். மூன்றாவது தடவையும் போனபோது சாமியாருக்கு அலுத்துவிட்டது.

“வாரா வாரம் வீடு மந்திரிக்க முடியுமாம்மா?”

“நீங்க வந்த அன்னைக்கு நல்லாருக்கு சாமி. மறுநாளு பழையபடி. தண்ணி கொஞ்சம் கூடத் தெளிச்சா என்ன?”

“தண்ணி போதும். மாமியும் மருமவளும் கொஞ்சம் பைய பேசுங்க.”

“பைய பேசினா கேக்காது சாமி.”

நோயும் காரணமும் அந்த ஒரு பதிலில் இருந்தன. சொன்ன அம்மாவுக்கும் தெரியவில்லை, கேட்ட சாமியாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

மைனி முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை. ஞானஸ்நானம் முடிந்து, மாதங்கள் போயும் அவள் திரும்பி வரவில்லை. அழைக்கப் போன அண்ணனிடம் பிள்ளைக்குச் சளி என்றாள். அடுத்த தடவை மழை என்றாள். அதற்கடுத்த தடவை அவளுடைய அப்பா வாசலிலேயே நின்று பேசினார்.

“மாப்ள, பிள்ளைக்கு அங்க உறக்கம் வராதுன்னு சொல்லுகா. தனியா ஒரு வீடு பாருங்கோ.”

அண்ணன் திரும்பி வந்து நேராக டிரம் பக்கம் போனான். தனி வீடு பார்த்தால் அம்மாவை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் பெண்டாட்டியும் பிள்ளையும் மார்த்தாண்டத்தில். அம்மா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், “வந்தா வரட்டும், வராட்டா போட்டும். வீடாவது அமைதியா கெடக்கும்.” ஆனால் வீடு அமைதியாக இல்லை. மருமகள் இல்லாததால் அம்மா என்னோடு சண்டை போட்டாள். நான் பதில் சொல்லாததால் அதற்கும் சண்டை.

அப்போது ஒரு தடவை மண்ணெண்ணெய் வரவில்லை. என்ன காரணமோ, கரைக்கு வர வேண்டிய எண்ணெய் வராமல் நின்றுபோனது. வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. எஞ்சின்கள் வரவில்லை. வந்ததை ஓட்டிப் பார்க்கவும் எண்ணெய் இல்லை. ஊரே கவலையில் இருந்தது. எங்கள் வீட்டிலும் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் அண்ணன் விசிலடித்துக்கொண்டு ஸ்பேனர்களைத் துடைத்தான். நாய் பகலிலேயே வந்து படியில் படுத்துக்கொண்டது. அம்மா குழாயடியில் இருந்து சீக்கிரம் வந்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் சோறு விளம்பிக்கொண்டிருக்கும்போது அகப்பையோடு அப்படியே நின்றாள்.

“எலே சூசை, அவ போனதுனாலதான் வீடு அமைதியா கெடக்குன்னு நெனச்சேன். அவ போயி வருஷமாகப் போகுது. போன வாரம் ஏன்லே அமைதி இல்ல?”

அம்மா புறவாசலைப் பார்த்தாள். டிரம்மில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே எண்ணெய் படிந்து பல நிறமாக மினுங்கியது.

“இத எடுத்துட்டுப் போ.”

“எங்க எடுத்துட்டுப் போவ?”

“கடப்புறத்துக்கு.”

“மண்ணு ஏறும்மா. களவு போவும். நான் சோறு திங்கும்போது எப்படிக் கேக்க? அது நடுக்கடல்ல நின்னா நாளைக்கு எவனாவது சாவான்.”

“நீ அங்க இருந்தே கேளு. சோறு நான் கொண்டு தாரேன்.”

“மழைக்கு?”

“ஓல குத்திக் கெட்டு. ஒனக்கு பெண்டாட்டி வேணுமா வேண்டாமா?”

அண்ணன் சாப்பிட்ட கையைக் காய விட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அந்த இரைச்சலுக்குள்தான் அவன் தொழில், பெயர் எல்லாம் இருந்தது. ஆனால் மறுநாள் அவனும் நானும் டிரம்மைச் சாய்த்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, மணலில் உருட்டிக்கொண்டு போனோம். தென்னைகளுக்கு அப்பால், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத ஓரிடத்தில் ஓலைக்கொட்டகை கட்டினோம்.

மைனியை அழைக்க அம்மாவே கிளம்பினாள். நானும் போனேன். அந்த ரப்பர் வீட்டு முன்னறையில் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. மைனி குழந்தையோடு வந்து நின்றாள். அம்மா வழக்கமான தொண்டையில் பேசத் தொடங்க, குழந்தை வீறிட்டு அழுதது. அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அதற்குள்ளிருந்து சொன்னாள்.

“மக்ளே, டிரம்ம எடுத்தாச்சு.”

மைனி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்தத் தடவை விஷயம் புரிந்து ஆட்டினேன்.

“மாமி, நான் ஒங்ககூட கோவிச்சுட்டு இருக்கல்ல” என்றாள் மைனி. “எனக்கு ஒங்க சத்தந்தான் தெரியும். ஒங்களத் தெரியாது.”

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

வீடு அமைதியானதும் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. எனக்கு ரொம்ப. மறைவு போய்விட்டதல்லவா. “தம்பி, இந்த வல எந்த மீனுக்கு?” என்று மைனி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அண்ணன் கொட்டகையிலேயே மத்தியானச் சோறு தின்றான். மழைக்காலத்தில் கொட்டகை இரண்டு தடவை சரிந்தது, ஒரு தடவை பிளக் எல்லாம் களவு போனது. அவன் முணுமுணுப்பான், ஆனால் டிரம்மைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அம்மாவின் தொண்டை இறங்கத்தான் பல மாதம் ஆனது. கத்திப் பேசத் தொடங்கி, பாதியில் ஞாபகம் வந்து குரலை இறக்குவாள்.

அப்படி ஒரு மத்தியானம், இரண்டு பேரும் அடுக்களைக் கதவுக்கு வெளியே கல்படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டிருந்தார்கள். அம்மா கேட்டாள்.

“ஒனக்கு என்ன கறி புடிக்கும் மக்ளே?”

மைனி அரிவதை நிறுத்திவிட்டாள். கல்யாணமாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது? இரைச்சலுக்கு மேலே தண்ணீர் வந்தாச்சு என்று கத்தலாம், உப்புப் போட்டியா என்று கத்தலாம், பிள்ளை அழுகிறது என்று கத்தலாம். உனக்கு என்ன பிடிக்கும் என்பதை யாரும் கத்திக் கேட்க மாட்டார்கள்.

“சாள புளிமொளம் மாமி. தேங்கா அரைக்காம” என்றாள்.

“அரைக்காமலா? அது என்ன கறி?”

அன்று தொடங்கிய பேச்சு அம்மா சாகும் வரை நடந்தது. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் இரண்டு பேரும் அந்தப் படிக்குப் போய்விடுவார்கள். சாளை, கல்யாணம், அம்மாவின் சின்ன வயது, வளைகுடாவில் மைனியின் அப்பா பட்ட பாடு என்று போகும். சில நாள் சண்டையும் வரும். மெதுவாகச் சண்டை போடுவார்கள். அது பார்க்க வேடிக்கையாக இருக்கும். குழந்தை பக்கத்தில் உறங்கும்.

அம்மா போன பிறகு மைனி அந்தப் பக்கம் அதிகம் உட்காரவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். பிறகு கடல் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு ஆடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் தென்னைகள், பிறகு கொட்டகை இருந்த இடம், பிறகு எங்கள் புறவாசல். அண்ணனும் மைனியும் பிள்ளைகளோடு மார்த்தாண்டத்து வீட்டுக்கே போய்விட்டார்கள். நான் ரோட்டுக்கு வடக்கே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். கரை முழுக்க இப்போது பாறாங்கல் அடுக்கியிருக்கிறார்கள்.

இந்த வருடம் ஊர்த் திருவிழாவுக்கு மைனி வந்திருந்தாள். பூசை முடிந்ததும், வீடு இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். கல்குவியலுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், முடி நரைத்திருந்தது. பிறகு இரண்டு கற்களுக்கு நடுவில் ஓரிடத்தைக் கையால் காட்டினாள்.

“இங்கனதான தம்பி அந்தப் படி கெடந்துது?”

“ஆமா மைனி” என்றேன்.

படி கிடந்தது அங்கே இல்லை. இன்னும் அப்பால், அலை உடைகிற இடத்தில்.